புரூக்ஸில் முதல் ஆண்டு: ஏரியும் பள்ளத்தாக்கும் பார்க்கப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரியிலிருந்து முதலாம் எண் நெடுஞ்சாலை வழியே தென்கிழக்கே ஏறத்தாழ 185 கிலோமீட்டர் வந்தால் புரூக்ஸ் வருகிறது. ஏறக்குறைய 15,000 பேர் வாழும் இவ்வூர் 2005 இல் சட்டப்படி நகரமாகிவிட்டது என்றாலும், அதன் சிற்றூர்த்தன்மை இன்னும் மாறவில்லை. இங்குள்ள பெரிய மாட்டிறைச்சி ஆலையின் வேலையை நம்பிப் பல நாடுகளிலிருந்தும் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வந்த சில வாரங்களில் அவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, விடுமுறை நாளில் போவதற்குத்தான் ஓர் இடமும் இல்லை.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. மலை நாட்டில் பார்க்க வேண்டியவை கண்ணுக்கு மேலே உயர்ந்து நிற்கின்றன. இந்தப் பிரெய்ரிப் புல்வெளியிலோ அவை தரைமட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. உலகப் பாரம்பரியக் களமான ஒரு பள்ளத்தாக்கு, அதன் விளிம்பில் போய் நிற்கும் வரை தெரியாது. அறுபது சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த ஏரி நெடுஞ்சாலையில் செல்பவருக்குப் புலப்படாது. ஆகவே இங்கே வழியில் தற்செயலாக எதையும் கண்டுவிட முடியாது. எங்கே திரும்புவது, எப்போது போவது, எதைக் கொண்டுபோவது என்று தெரிந்துகொண்டு புறப்பட வேண்டும். கிட்டத்தில் தொடங்கி எட்டத்துக்குப் போகும் வரிசையில் அதைக் கீழே தருகிறேன்.

1. முதலில் வானத்தைப் படிக்கப் பழகுங்கள்

ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கும் இங்கே வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ மாலை நான்கரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். கோடையில் வெப்பம் 35 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு. குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கு இறங்கும் நாட்களும் உண்டு. இடையில் சினூக் என்னும் வெதுவெதுப்பான மேற்குக் காற்று மலைகளைத் தாண்டி வந்து, சில மணி நேரத்தில் பனியை உருக்கிவிட்டுப் போய்விடும். எனவே ஒரே தடித்த அங்கியைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து தேவைக்கேற்பக் கழற்றக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய ஆடைகளே இங்கு உதவும். காற்றைத் தடுக்கும் மேலாடை ஒன்று கோடையிலும் வண்டியில் கிடக்கட்டும்.

கோடைப் பிற்பகல்களில் இடியுடன் கூடிய மழையும் ஆலங்கட்டி மழையும் விரைவாகத் திரண்டு வரும். புல்வெளியிலோ ஏரியின் நடுவிலோ நிற்பவர்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. இடியோசை கேட்டவுடன் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே வெளியே வர வேண்டும். கனடா அரசின் வெதர்கேன் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, புறப்படும் நாளின் காலையில் எச்சரிக்கை ஏதும் உள்ளதா என்று பாருங்கள். காட்டுத்தீப் புகை தொலைதூரத்திலிருந்து வந்து கவியும் நாட்களில், காற்றின் தரச் சுகாதாரக் குறியீடு ஏழு அல்லது அதற்கு மேல் இருந்தால், சிறு குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம்.

2. வண்டியும் உரிமமும்

இக்கட்டுரையில் வரும் இடங்களுக்குப் பேருந்தை நம்ப முடியாது. சொந்த வண்டியோ உடன் வேலை செய்பவரின் வண்டியோ வேண்டும். ஆல்பர்ட்டாவில் குடியேறியவர், செல்லுபடியாகும் வெளிநாட்டு அல்லது வெளிமாகாண உரிமத்தைக் கொண்டு முதல் 90 நாட்கள் மட்டுமே ஓட்டலாம். அதற்குள் ஆல்பர்ட்டா உரிமத்துக்கான வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. கிராமச் சாலைகள் பல சரளைக் கல் பாவியவை. அவற்றில் வேகத்தைக் குறையுங்கள். எதிரே வரும் லாரி கல்லைத் தெறிக்கவிட்டு முன்கண்ணாடியில் கீறல் விழாத வண்டியை இந்தப் பக்கத்தில் காண்பது அரிது. அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும். குளிர்காலத்தில் புறப்படும் முன் 511 ஆல்பர்ட்டா சேவையில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டு, போர்வை, மண்வாரி, மெழுகுவத்தி, உணவு, முழு எரிபொருள் ஆகியவற்றோடுதான் கிளம்ப வேண்டும்.

கோடைக்கான பட்டியல் இதைவிடச் சிறியது: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, வெயில் களிம்பு, கொசு விரட்டி, முன்புறம் மூடிய காலணி. கொசுவை வெறும் தொல்லை என்று எண்ண வேண்டாம். பாசன நிலங்கள் சூழ்ந்த தெற்கு ஆல்பர்ட்டாவில் மேற்கு நைல் வைரஸைப் பரப்பும் கொசு வகை உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாத அந்திகளில் முழுக்கை அணிவது நல்லது. நண்பகல் உணவுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவோர் தயிர்ச்சோற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கவும். காகிதத் தட்டுகளை வீட்டிலேயே விட்டுவிடவும். இங்கே அடிக்கும் காற்றில் அவை அடுத்த மாவட்டத்துக்குப் போய்ச் சேரும்.

3. ஊருக்குள் சில வாரங்கள்

வெளியே போகும் முன் ஊருக்குள் உள்ளதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நகரின் விளையாட்டு மையத்தில் நீச்சல் குளமும் பனித்தளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ளன. ஏரிக்குப் போவது என்று முடிவு செய்த குடும்பம், பிள்ளைகளையும், வெட்கத்தை ஒதுக்கிவிட்டுப் பெரியவர்களையும், முதலில் நீச்சல் வகுப்பில் சேர்ப்பதே என் கருத்தில் சரியான வரிசை. கட்டணம் சுமையாக இருந்தால், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கு உதவும் ஜம்ப்ஸ்டார்ட் என்னும் நாடளாவிய அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். விவரத்தை மையத்தின் முகப்பு மேசையிலேயே கேளுங்கள்.

குளிர்கால மாலைகளில் ஊரே கூடும் இடம் பனித்தளம்தான். புரூக்ஸ் பேண்டிட்ஸ் என்னும் இளையோர் ஹாக்கி அணி 2013, 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் கனடாவின் தேசிய ஜூனியர் ஏ கோப்பையை வென்றது. இன்று உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராகக் கருதப்படும் கேல் மகார் இந்த அணியில் ஆடியவர். விதிகள் ஒன்றும் புரியாவிட்டாலும் ஒருமுறை போய் உட்காருங்கள். பக்கத்து இருக்கைக்காரர் தானாகவே விளக்கத் தொடங்குவார். புதிய ஊரில் ஆள் பழக இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

4. தொட்டிப்பாலம்: ஒரு பிற்பகல் போதும்

நகருக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், வறண்ட புல்வெளியின் நடுவே, தூண்கள் மேல் நீண்டு போகும் காங்கிரீட் தொட்டி ஒன்று நிற்கிறது. அது கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் 1912 முதல் 1914 வரை கட்டிய புரூக்ஸ் தொட்டிப்பாலம். ரயில் பாதை போட்டதற்காக அரசு வழங்கிய நிலத்தை விற்க வேண்டுமானால் அதற்குத் தண்ணீர் வேண்டும்; தண்ணீர் வர வேண்டுமானால் நடுவில் இருந்த அகன்ற தாழ்வைக் கடக்க வேண்டும். அதனால் போ ஆற்றில் பாசானோ என்னும் இடத்தில் அணை கட்டி, கால்வாய் வெட்டி, இந்தப் பாலத்தின் வழியே நீரை மறுகரைக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள இதில் 1979 வரை நீர் ஓடியது. பிறகு மண் கரை கொண்ட கால்வாய் ஒன்று அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

குமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மாத்தூர்ப் பாலம் இதைவிட உயரமானது, இது அதைவிட மிக நீளமானது. ஒரு முக்கியமான வேறுபாடு: மாத்தூரில் மேலே நடந்து போகலாம், இங்கே ஏறக் கூடாது. காங்கிரீட் உப்பாலும் உறைபனியாலும் அரிக்கப்பட்டுச் சிதைந்திருப்பதால் வேலிக்கு இப்பால் நின்றே பார்க்க வேண்டும். ரயில் பாதையைக் கடக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் பாருங்கள். அவ்விடத்தில் மட்டும் நீர் குழாய்க்குள் இறங்கி, தண்டவாளத்துக்கு அடியில் புகுந்து, மறுபுறம் தன் அழுத்தத்தாலேயே மேலேறி மீண்டும் தொட்டிக்குள் விழும்படி அமைத்திருக்கிறார்கள். பள்ளியில் படித்த வடிகுழாய்ப் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே காட்டலாம். விளக்க மையம் கோடை மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும். நிழல் மிகக் குறைவு, ஆகவே மாலையில் போவது மேல்.

இதோடு சேர்த்து ஒரு விதியையும் மனத்தில் கொள்ளுங்கள். இப்பகுதியின் அணை, கால்வாய், பெரும் மேய்ச்சல் நிலம் ஆகியவை 1935 இல் விவசாயிகள் ரயில்வேயிடமிருந்து பொறுப்பேற்று அமைத்த ஈஸ்டர்ன் இரிகேஷன் டிஸ்ட்ரிக்ட் என்னும் பாசன அமைப்பின் கையில் உள்ளன. முள்வேலிக்கு அப்பால் தெரியும் வெற்றுப் புல்வெளி யாருடையதும் அல்லாத நிலம் அன்று. அதில் நடக்கவோ வேட்டையாடவோ விரும்புவோர் முதலில் உரியவரிடம் அனுமதி விதியைக் கேட்டறிய வேண்டும். வாயிற்கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். உள்ளே மாடு இருக்கிறதா இல்லையா என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கால்வாயில் இறங்கிக் குளிப்பது எந்த வெயிலிலும் கூடாது. பார்க்க அமைதியாக ஓடும் அந்த நீர் மதகுகளில் சுழித்து விழும். செங்குத்தான கரையில் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. கால்வாயில் குளித்து வளர்ந்த நம்மவர்களுக்கே இந்த எச்சரிக்கை அதிகம் தேவைப்படுகிறது.

5. நியூவெல் ஏரியும் கின்புரூக் தீவும்

அதே பாசனத் திட்டத்தில் 1914 இல் நிரம்பத் தொடங்கியதுதான் நியூவெல் ஏரி. சுமார் 66 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இது, நம் ஊர் ஏரிகளைப் போலவே, மனிதர் கட்டிய நீர்த்தேக்கம். புரூக்ஸிலிருந்து 873 ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே 13 கிலோமீட்டர் போனால் கின்புரூக் தீவு மாகாணப் பூங்காவுக்குத் திரும்பும் வழி வரும். தீவு என்று பெயர் இருந்தாலும் மண்பாலத்தின் மேல் வண்டியிலேயே போய்விடலாம். மணற்கரை, படகு இறக்கும் தளம், சுற்றுலா மேசைகள், கூடாரமிடும் இடங்கள் ஆகியவை உள்ளன. கோடை வார இறுதிகளில் காலை பத்து மணிக்குள் போனால் நிழலுள்ள மேசை கிடைக்கும்.

நீரில் இறங்கும் முன் கரையில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். கோடையின் பிற்பகுதியில் ஆல்பர்ட்டாவின் பல ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி படரும். அதற்குச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்திருந்தால் குளிக்கவும் கூடாது, நாயைக் குடிக்க விடவும் கூடாது. படகோ கயாக்கோ எதுவாக இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் அளவுக்கேற்ற உயிர்காப்பு மேலங்கி படகில் இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். இருந்தால் போதாது, அணிந்துகொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். பரந்த ஏரியாதலால் காற்று எழுந்தால் சில நிமிடங்களில் அலை பெரிதாகிவிடும். காற்றடைத்த மிதவைகளில் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கரையில் அரட்டையடிப்பது ஆபத்தானது. மோட்டார் படகை ஓட்டுபவருக்குத் தனிச் சான்று அட்டை தேவை. வெளியூரிலிருந்து படகை ஏற்றி வந்தால், வழியில் திறந்திருக்கும் ஆய்வு நிலையத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும். அயல்நாட்டுச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு வந்து பாசனக் குழாய்களை அடைத்துவிடும் என்ற அச்சம் இந்த விவசாயிகளுக்கு வெறும் கற்பனை அன்று.

மீன் பிடிப்போர் முதலில் மாகாணத்தின் வனவிலங்கு அடையாள எண்ணைப் பெற்று, பிறகு மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். இரண்டையும் இணையத்திலேயே முடிக்கலாம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், 65 வயது நிறைந்த ஆல்பர்ட்டா குடியிருப்பாளர்களுக்கும் உரிமம் தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியின் குடும்ப நாள் வார இறுதியிலும் ஜூலை மாதத்தின் ஒரு வார இறுதியிலும், எல்லோரும் உரிமமின்றிப் பிடிக்கலாம். தூண்டிலில் பிடிபடுபவை பெரும்பாலும் வால்ஐ, வடபுலப் பைக், ஏரி வெண்மீன் ஆகியவை. எதை எத்தனை, எந்த நீளத்துக்கு மேல் எடுத்துப் போகலாம் என்பது ஏரிக்கு ஏரி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். நண்பர் சொன்னார் என்று நம்பி எடுத்துச் சென்று அதிகாரியிடம் அபராதம் கட்டியவர்கள் உண்டு. அவ்வாண்டு விதிப் புத்தகத்தை நீங்களே பாருங்கள்.

தூண்டில் பிடிக்காதவர்கள் தீவை ஒட்டிய சதுப்பு நிலத்துப் பாதையில் நடக்கலாம். வேடந்தாங்கலில் பார்த்த கூழைக்கடாவின் உறவினரான வெண்கூழைக்கடா இந்த ஏரிக்குக் கோடையில் வருகிறது, நீர்க்காகமும் உண்டு. எத்தனையோ ஆயிரம் மைல் கடந்து வந்த பிறகு, பழகிய உருவம் ஒன்று தலைக்கு மேலே வட்டமிடுவதைப் பார்ப்பதில் ஒரு தனி ஆறுதல் இருக்கிறது.

6. முதல் இரவு கூடாரத்தில்

முதன்முறை கூடாரமிடுவோர் தொலைவுக்குப் போக வேண்டாம். நகருக்குச் சற்றுக் கிழக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி, டில்புரூக் மாகாணப் பூங்கா உள்ளது. இரைச்சல் சிறிது கேட்கும்தான். ஆனால் நள்ளிரவில் குழந்தை அழுதாலோ கூடாரம் ஒழுகினாலோ சில நிமிடங்களில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது முதல் முயற்சிக்குப் பெரிய தைரியம். கூடாரத்தை வீட்டுக் கூடத்திலோ முற்றத்திலோ ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆணிகளை எண்ணிக்கொள்ளுங்கள், பிரெய்ரிக் காற்றில் ஆணியடிக்காத கூடாரம் பட்டமாகிவிடும்.

இடங்களை ஆல்பர்ட்டா பார்க்ஸ் இணையத்தளத்தில், தங்கும் நாளுக்கு 90 நாட்கள் முன்பிருந்து பதிவு செய்யலாம். சோற்றுப்பானையை மின்சாரத்தில் வைக்க விரும்புவோர் மின் இணைப்புள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை அமைதி காக்க வேண்டும் என்ற விதியை இங்கே உண்மையாகவே கடைப்பிடிப்பார்கள். பாட்டும் பேச்சும் அதற்கு முன்பே முடியட்டும். நெருப்பு மூட்டும் முன் தீத்தடை அறிவிப்பு உள்ளதா என்று அன்றன்றே பாருங்கள். விறகை உள்ளூரிலேயே வாங்குங்கள். வேற்றிடத்து விறகோடு மரத்தைத் தின்னும் பூச்சியும் வந்து சேரும். காலையில் புறப்படும்போது சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியாத வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

7. டைனோசர் மாகாணப் பூங்கா: ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்

இவ்வட்டாரத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். புரூக்ஸுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவு. 873 ஆம் எண் சாலையில் வடக்கே போய், 544 இல் கிழக்கே திரும்பி, பெட்ரிசியா என்னும் குக்கிராமத்துக்குப் பிறகு வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்ற வேண்டும். கடைசி வரை இருபுறமும் தட்டையான புல்வெளிதான். வழி தவறிவிட்டோமோ என்று ஐயம் எழும் வேளையில் தரை திடீரென்று பிளந்து, பழுப்பும் சாம்பலும் கலந்த வரிவரியான குன்றுகள் நிறைந்த பெரும் பள்ளம் காலடியில் விரியும். விளிம்பில் உள்ள காட்சிமேடையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். கீழே இறங்கியபின் முழு அளவையும் ஒருசேரக் காண முடியாது.

ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் உள்நாட்டுக் கடல் ஒன்றின் அருகே, ஆறுகள் பாய்ந்த வெப்பமான சமவெளியாக இருந்தது. ஆற்று மணலிலும் சேற்றிலும் புதைந்த விலங்குகளின் எலும்புகள் கல்லாயின. பனியூழியின் முடிவில் உருகிப் பாய்ந்த வெள்ளம் மென்மையான பாறையை அறுத்து அந்த அடுக்குகளை வெளியே கொண்டுவந்தது. மழையும் காற்றும் இன்றும் அதே வேலையைத் தொடர்கின்றன. அதனால்தான் நேற்று இல்லாத எலும்பு இன்று தலைகாட்டுகிறது. 1910 களில் புதைபடிவம் தேடி வந்த பார்னம் பிரவுனும் ஸ்டெர்ன்பெர்க் குடும்பத்தாரும் ரெட் டியர் ஆற்றின் வழியே போட்டி போட்டுக்கொண்டு தோண்டி எடுத்த எலும்புக்கூடுகள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. 1955 இல் இது மாகாணப் பூங்காவானது. 1979 இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

கீழே இறங்கியதும் முதலில் பார்வையாளர் மையத்துக்குப் போங்கள். பூங்காவின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதி. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும். பேருந்துச் சுற்றும், எலும்புப் படுகைகளுக்கு நடந்து செல்லும் பயணங்களும் கோடையில் நடக்கின்றன. அவற்றுக்கு முன்பதிவு செய்யாமல் வந்து ஏமாந்து திரும்புவோரை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். சென்ட்ரோசாரஸ் என்னும் கொம்புள்ள விலங்குகள் கூட்டமாக மடிந்து கிடக்கும் படுகைக்குச் செல்லும் நடைப்பயணம் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் எல்லா வழிகாட்டிப் பயணங்களுக்கும் வயது வரம்பும் நடைக்கடுமையும் ஒன்றல்ல என்பதால், சிறு பிள்ளைகள் உள்ளோர் பதியும்போதே கேட்டுக்கொள்ளவும்.

பதிவு கிடைக்கவில்லையென்றாலும் நாள் வீணாகாது. யாரும் சுதந்திரமாகச் செல்லக்கூடிய வளையச் சாலை ஒன்று உண்டு. அதன் ஓரமாகத் தொடங்கும் குறுநடைப் பாதைகள் எல்லாம் சேர்ந்தாலும் சில கிலோமீட்டர்தான். ஒன்றே கால் கிலோமீட்டர் அளவுள்ள பேட்லாண்ட்ஸ் பாதையில் காலையிலேயே நடந்துவிட்டு, வெயில் ஏறியதும் ஆற்றங்கரையில் பெரும் காட்டன்வுட் மரங்களின் நிழலில் செல்லும் பாதைக்கு வந்துவிடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் நண்பகலில் வெண்மண் குன்றுகளின் நடுவே அடுப்பில் நிற்பது போலாகும்.

கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது மண். இக்குன்றுகளில் உள்ள பெண்டோனைட் களிமண் காய்ந்திருக்கும்போது பொரி போல வெடித்து உறுதியாகத் தெரியும். நனைந்தால் விளக்கெண்ணெய் தடவியது போலாகிவிடும். முதல் வருகையில், சிறு தூறல்தானே என்று நடந்த நான் பத்தடி சறுக்கி வந்து, காலணியில் ஒட்டிய மண்ணோடு ஒவ்வொரு காலையும் கல்லைப் போலத் தூக்கி நடந்தேன். மழை பெய்திருந்தால் குன்றில் ஏற வேண்டாம். இரண்டாவது உயிரினங்கள். பிரெய்ரிக் கிலுகிலுப்பைப் பாம்பு என்னும் நச்சுப்பாம்பு இங்கு வாழ்கிறது. தானாகத் தேடி வந்து கடிக்காது. பாறை இடுக்குகளில் கை வைக்காமல், காதில் பாட்டுக் கருவி மாட்டாமல் நடங்கள். வாலைக் குலுக்கும் ஓசை கேட்டால் அசையாமல் நின்று, எங்கே இருக்கிறது என்று பார்த்தபின் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை அசைக்காமல் அவசர உதவி எண்ணான 911 ஐ அழையுங்கள். பள்ளத்தாக்குக்குள் கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது என்பதால் தனியே போகாதீர்கள். தரையோடு படர்ந்த சப்பாத்திக் கள்ளியும் செருப்பு அணிந்த காலுக்கு நல்லதன்று.

மூன்றாவது எலும்பு. வழியில் கிடக்கும் பழுப்புத் துண்டு உண்மையிலேயே டைனோசர் எலும்பாக இருக்கக் கூடும். தொடலாம், படம் எடுக்கலாம். எடுத்துச் செல்லக் கூடாது. ஆல்பர்ட்டாவில் புதைபடிவங்கள் மாகாணத்தின் உடைமை. பூங்காவிலிருந்து எடுப்பது குற்றம். பெரிதாக ஒன்று கண்ணில் பட்டால் அதை அசைக்காமல் இடத்தை நினைவில் கொண்டு ஊழியரிடம் சொல்லுங்கள், ஏனெனில் எலும்பு எந்த அடுக்கில் எந்த நிலையில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு எலும்பைவிட முக்கியம். நான்காவது எரிபொருள்: பூங்காவில் கிடைக்காது, புரூக்ஸிலேயே நிரப்பிவிடுங்கள்.

பூங்காவுக்குள் ஜான் வேர் என்னும் கறுப்பின மாட்டுப்பண்ணையாளரின் மரக்குடிலைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து 1882 இல் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு இப்பகுதிக்கு வந்த அவர், சொந்தப் பண்ணை அமைத்து, அக்கம்பக்கமெல்லாம் மதிக்கும் குதிரைக்காரராக வாழ்ந்தார். 1905 இல் அவருடைய குதிரை, பேட்ஜர் என்னும் விலங்கு தோண்டிய வளையில் கால் தடுக்கி விழுந்ததில் அவர் இறந்தார். அந்த வளைகள் இன்றும் புல்வெளியெங்கும் உள்ளன; புல்லில் நடக்கும்போது கண் தரையில் இருக்கட்டும்.

8. பிளாக்ஃபுட் கிராஸிங்

மேற்கே, கால்கரி செல்லும் திசையில், குளூனி என்னும் ஊருக்கு அருகே சிக்சிகா என்னும் பூர்வகுடி மக்களின் நிலத்தில் பிளாக்ஃபுட் கிராஸிங் வரலாற்றுப் பூங்கா உள்ளது. இந்நிலத்தின் பூர்வகுடிகள் 1877 செப்டம்பரில் கனடா அரசோடு ஏழாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இடம் இது. தலைவர் குரோஃபுட்டின் கல்லறையும் இங்குதான் உள்ளது. இதை நிர்வகிப்பவர்களும் கதை சொல்பவர்களும் சிக்சிகா மக்களே. நீங்கள் குடியிருக்கும் புரூக்ஸும் அந்த ஒப்பந்த நிலத்தில்தான் இருக்கிறது என்பதால், முதல் ஆண்டிலேயே ஒருமுறை போய் வருவது நல்லது. திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே தொலைபேசியில் உறுதி செய்யுங்கள். சடங்குகளையும் மனிதர்களையும் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

9. குளிர்காலம்

இலையுதிர் காலத்தில் பாசன நிலங்களில் வேட்டைப் பருவம் நடக்கும். அப்போது நடக்கப் போகிறவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை அணிய வேண்டும். ஏரி உறைந்தபின் பனியில் துளையிட்டு மீன் பிடிப்பதைப் பார்ப்பீர்கள். நடப்பதற்கு நீல நிறத் தெளிந்த பனி குறைந்தது 15 சென்டிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும். நியூவெல் பாசன நீர்த்தேக்கம் ஆகையால் நீர் நுழையும், வெளியேறும் இடங்களுக்கு அருகே பனி மெலிதாக இருக்கும். பக்கத்தில் லாரி நிற்கிறது என்பது உங்கள் காலடிப் பனிக்குச் சான்று ஆகாது. முதல் முறை அனுபவமுள்ள ஒருவரோடுதான் போக வேண்டும்; பிப்ரவரியில் வரும் உரிமமில்லா வார இறுதி அதற்கு ஏற்றது, ஏனெனில் அன்று ஏரியில் உதவிக்கு ஆட்கள் நிறைய இருப்பார்கள்.

அதே பிப்ரவரி நடுவில் நாட்காட்டியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மே மாத நீண்ட வார இறுதியில் டைனோசர் பூங்காவில் கூடாரமிட விரும்பினால், 90 நாள் கணக்குப்படி அந்த இடத்துக்கான பதிவு திறப்பது அப்போதுதான்.